கெண்டைக்காலும் இல்லாத பிரேக்கும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், படுத்த படுக்கையில், இரண்டு தலையணைகளின் மேல் வலது காலைத் தூக்கி வைத்தபடி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். நலம் என்று எழுதுவது கடிதத்துக்கான மரியாதை, என் கால் அதில் சேர்த்தி இல்லை. அங்கு நீங்கள், உங்கள் வீட்டில் அக்கா, பிள்ளைகள், சென்ற மாதம் மாற்றிய உங்கள் பல் செட் ஆகிய எல்லாரும் எல்லாமும் சுகமாகவும் பொருத்தமாகவும் இருக்க வேண்டுகிறேன்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுத ஆரம்பித்தால் நான் எங்கே திரும்புவேன் என்று எனக்கே தெரியாது என்கிறாள் உங்கள் தங்கை. இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? போகட்டும். காரியம் இதுதான்: வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் தங்கை கார் லைசன்ஸ் டெஸ்டுக்குப் போகப்போகிறாள். நீங்கள் புதன்கிழமைக்குள் புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் அவளைத் தடுத்து நிறுத்த வேண்டும். போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அக்கா கேட்பார்கள், அடுத்த ஐந்தாவது நிமிடம் இங்கே உங்கள் தங்கையின் போன் அடிக்கும். எனவேதான் கடிதம்.

இனி விவரம். கேளுங்கள். காலில் அடிபட்ட கதையை உங்களுக்கு நான் போனில் வேறு மாதிரி சொல்லியிருந்தேன். வண்டி கற்றுக்கொள்ள வந்த ஒருவர் லாரிக்கு நேராகப் போய்விட்டார், நான் என் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்து இரண்டு உயிரைக் காப்பாற்றினேன், அதில் கெண்டைக்கால் தசை இழுத்துக்கொண்டது என்று சொன்னேன் அல்லவா? அதில் சின்னத் திருத்தம். லாரி இல்லை. கற்றுக்கொள்ள வந்தவரும் இல்லை. யோசித்துப் பார்த்தால் பிரேக்கும் இல்லை.

நடந்தது என்னவென்றால், அன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வகுப்பு கிடையாது. ஜன்னல் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்வீட்டில் ஒரு பேங்க் ஆபீசர் குடியிருக்கிறார், புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார், அதைக் கீழே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். மனிதர் நல்லவர், ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பார். வண்டி கேட் தூணை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. நான் இங்கிருந்து "ஸ்டீயரிங்கை ஒடிங்க! அந்தப் பக்கம் ஒடிங்க!" என்று கத்துகிறேன், ஜன்னல் கண்ணாடி சாத்தியிருக்கிறது. தூணுக்கும் வண்டிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. என் வலது கால் என்னைக் கேட்காமலே எழும்பி ஹால் தரையை முழு பலத்தோடு ஒரு மிதி மிதித்தது. அதே நொடி பின்னாலிருந்து யாரோ கல்லை விட்டு எறிந்த மாதிரி கெண்டைக்காலில் சுரீரென்று ஒரு அடி. திரும்பிப் பார்த்தால் உங்கள் தங்கை நிற்கிறாள்.

"எதைத் தூக்கி என் கால்ல எறிஞ்ச?"

"துண்டு மடிச்சிட்டிருக்கேன். என்னாச்சு உங்களுக்கு?"

எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. வண்டி மட்டும் தூணுக்கு நான்கு விரல்கடை முன்னால் நின்றுவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். அவர் கடைசியில் கண்ணாடியைப் பார்த்துவிட்டார், அதனால் நின்றது என்பது உங்கள் தங்கையின் கட்சி. இருக்கலாம். நான் மிதித்த அதே சமயத்தில் நின்றது என்பது என் கட்சி.

டாக்டரிடம் போனோம். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எப்படி ஆச்சு?"

"பிரேக் போட்டேன் டாக்டர்."

"எந்த வண்டி?"

"மேல்வீட்டுக்காரர் வண்டி."

"நீங்க வண்டியில எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க?"

"நான் எங்க வீட்டு ஹால்ல உக்காந்திருந்தேன்."

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு உங்கள் தங்கையைப் பார்த்து, "தலையில ஏதும் அடிபட்டுச்சாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க டாக்டர், இவர் எப்பவும் இப்படித்தான்" என்றாள். பிறகு அவர் காலை அமுக்கிப் பார்த்து, தசை லேசாக இழுபட்டிருக்கிறது, கிழியவில்லை, பயப்பட ஒன்றுமில்லை, மூன்று வாரம் ஓய்வு, ஐஸ் ஒத்தடம், பட்டையாகச் சுற்றுகிற கட்டு, காலைத் தூக்கி வைத்தல் என்று எழுதிக் கொடுத்தார். 'லேசாக' என்ற சொல்லை மட்டும் அவர் மூன்று தடவை சொல்லியிருக்க வேண்டாம். இப்போது வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் உங்கள் தங்கை அதைத்தான் முதலில் சொல்கிறாள்.

ஓய்வு என்றால் சும்மா படுத்திருப்பது என்று நினைத்தேன். நானும் படுத்துத்தான் இருந்தேன். ஆனால் எங்கள் வீடு தெரு முனையில் இருக்கிறது. விடிந்ததிலிருந்து வண்டிச் சத்தம்தான். ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்புவான், ஒருவன் மேட்டில் முதல் கியர் போடாமல் இரண்டாவதில் இழுப்பான், இன்ஜின் அழும். ஒவ்வொன்றுக்கும் என் கால் தானாக ஒரு அமுக்கு அமுக்கும், உடனே கெண்டைக்காலில் விண்ணென்று தெறிக்கும், நான் "ஐயோ" என்பேன், உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து "யாரு, ஸ்கூட்டரா?" என்பாள். கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்தி உள்சுவரோரம் போட்டாள். பார்க்க முடியாமல் போனதும் காது கூர்மையாகிவிட்டது, முன்பு கண்ணுக்கு எட்டிய தூரம்தான், இப்போது இரண்டு தெரு தள்ளி வருகிற பஸ்ஸுக்கும் நான் பிரேக் போட ஆரம்பித்துவிட்டேன். டி.வி.யைப் போட்டால் ஏதாவது ஒரு சீரியலில் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கோபத்தில் ஓட்டக் கூடாது என்று அந்த வீட்டில் ஒருவராவது சொல்ல வேண்டாமா?

ஒருநாள் விட்டு ஒருநாள் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வருகிறாள். ஒல்லியாக இருப்பாள், பிடித்தால் இரும்புப் பிடி. பத்தாவது நாள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சார், வீக்கம் இந்நேரம் வத்தியிருக்கணும். நீங்க ரெஸ்ட் எடுக்கவே இல்ல."

"படுத்த இடத்தை விட்டு நகரலையேம்மா நான்!"

"நீங்க படுத்துத்தான் இருக்கீங்க சார். உங்க கால் தினமும் வேலைக்குப் போயிட்டு வருது."

உங்கள் தங்கை இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டுப் போனார். விஷயமே அவர்தான் என்பதை நான் சொல்லவில்லை.

சரி, என் கஷ்டம் என்னோடு. நடுவழியில் விட்ட மாணவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? எனக்கு ஒரே வண்டி, ஒரே ஆள், அந்த ஆள் நான். வண்டி கீழே உறை போர்த்தி நிற்கிறது. மூன்று பேருக்கு டெஸ்ட் தேதி வந்துவிட்டது. அதில் ஒருவர் ஜவுளிக்கடைக்காரர், ஐம்பத்தெட்டு வயது, நல்ல கனமான உடம்பு, துணியை எத்தனை மீட்டர் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார், வண்டிக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்று மட்டும் சொல்ல வராது. அவரை வீட்டுக்கே வரச் சொன்னேன். கட்டில் கால்மாட்டில் உட்காரவைத்து, கையில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொடுத்து, இதுதான் ஸ்டீயரிங், கீழே கிடக்கிற மூன்று செருப்பும் வரிசையாக கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர், என் ஊன்றுகோல்தான் கியர் என்று வகுப்பை ஆரம்பித்தேன். அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. அவரும் தட்டைத் திருப்பித் திருப்பி, வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க ஓட்டினார். அப்போது உங்கள் தங்கை இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தாள். அவரைப் பார்த்தாள். டம்ளரை வைத்தாள். போகிற போக்கில் சொன்னாள்:

"கிளட்சை மிதிக்காமலே கியர் மாத்திட்டாரு. கவனிக்கலையா நீங்க?"

நான் கவனிக்கவில்லை, மச்சான். சத்தியமாகக் கவனிக்கவில்லை. அவர் காலைக் குனிந்து பார்த்தால், இடது செருப்பு தொடாமல் அப்படியே கிடக்கிறது. ஜவுளிக்கடைக்காரர் "மன்னிச்சிடுங்கம்மா" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டார். கையில் இருப்பது தட்டு என்பதை மறந்து ஸ்டீயரிங்கை விட்டுவிட்டார், அது தரையில் உருண்டது. உங்கள் தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இவளுக்கு கிளட்ச் எப்படித் தெரியும்? நான் வீட்டில் தொழில் பேசுவதில்லை. பேசுவேன், ஆனால் யாரும் கேட்பதில்லை. அன்று சாயங்காலம் அவள் வேலைக்குப் போட்டுப்போகிற செருப்பை எட்டி எடுத்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஆளைப் பார்க்க வேண்டாம், செருப்பைப் பார்த்தால் போதும். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்குக் குதிகால் தேயும். இவளுடைய இடது செருப்பு மட்டும் விரல்களுக்குக் கீழே, அரை நிலா வடிவில் வழவழவென்று தேய்ந்திருந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் கிளட்சிலிருந்து காலை எடுக்கவே மாட்டார்கள், அப்படித் தேய்த்தால்தான் அப்படித் தேயும். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"இது என்ன?"

"செருப்பு."

"எங்க கத்துக்கிட்ட?"

செருப்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னாள். ஆறு வாரமாகிறதாம். காலை ஆறிலிருந்து ஆறரை. நான் ஐந்தரைக்கே முதல் வகுப்புக்குப் போய்விடுவேன், இவள் ரத்தப் பரிசோதனை லேபுக்கு வேலைக்குச் சீக்கிரம் போகிறாள் என்று நினைத்திருந்தேன். பத்தொன்பது வகுப்பு முடிந்துவிட்டதாம். சரி, எங்கே? அதைத்தான் மச்சான், எழுதக் கை கூசுகிறது. சிரிப்பு மாஸ்டரிடம்!

உங்களுக்கு அவனைத் தெரியாது. என்னிடம் வண்டி கற்றுக்கொண்டவன், என்னிடம் இரண்டு வருடம் வேலை பார்த்தவன், நாலு தெரு தள்ளி எதிர்க்கடையாக ஸ்கூல் ஆரம்பித்தவன். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். மாணவர் தடுப்புச் சுவரில் இடித்தாலும் சிரிப்பான், "சுவரு நல்லா கட்டியிருக்காங்க" என்பான். அவன் பேர் எழுதிய போர்டை வண்டித் தலையில் வைத்துக்கொண்டு உங்கள் தங்கை ஆறு வாரமாக இந்த ஊரைச் சுற்றி வந்திருக்கிறாள். கடைவீதியில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஜவுளிக்கடைக்காரருக்குத் தெரியும். மேல்வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர் கை காட்டிக்கூட இருக்கிறாராம். ஓட்டல்காரர் பெண்டாட்டி எதிர் ஓட்டலில் போய்ச் சாப்பிட்டால் அந்த ஓட்டலை யார் மதிப்பார்கள், சொல்லுங்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டேனே. கல்யாணம் ஆன புதுசுல."

அதை உங்களிடம் நான் சொன்னதில்லை. அவளும் சொல்லியிருக்க மாட்டாள். இருபத்திரண்டு வருடம் முன்னால் ஒரு காலையில் அவளை ஓட்டும் ஸீட்டில் உட்காரவைத்தேன். பதினோரு நிமிடம் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பதினோரு நிமிடத்தில் நான் கத்திய கத்தலுக்குத் தெருவில் நாய் ஒதுங்கியது. அவள் வண்டியை ஓரமாக, அழகாக, வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நிறுத்தினாள், ஹேண்ட் பிரேக் போட்டாள், சாவியை எடுத்து என் கையில் வைத்தாள், இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். புதிதாகக் கற்றுக்கொள்கிற ஒருவர் அவ்வளவு சுத்தமாக வண்டி நிறுத்தி நான் இன்றுவரை பார்த்ததில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு ஏன் இந்த அவசரம் என்றால், லேபில் வீடுவீடாகப் போய் ரத்தம் எடுத்துவருகிற வேலை அவளுக்கு, உங்களுக்குத் தெரியும். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். சாப்பிடாமல் காத்திருக்கிற வயசானவர்கள், பஸ் தாமதமானால் பசியில் துவண்டுபோகிறார்களாம். லேபில் ஒரு சின்ன கார் வாங்கியிருக்கிறார்கள், லைசன்ஸ் உள்ளவருக்குத்தான் அந்த வேலை. இந்த மாதக் கடைசிக்குள் லைசன்ஸைக் காட்டாவிட்டால் போன வருடம் சேர்ந்த இன்னொரு பெண்ணுக்குப் போய்விடுமாம். வியாழக்கிழமையை விட்டால் அடுத்த டெஸ்ட் தேதி அடுத்த மாதம்தான். "பதினாலு வருஷமா பஸ்ஸுல அந்தப் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டுப் போறேங்க" என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன்.

இதற்கிடையே, வெந்த புண்ணோடு படுத்திருப்பவனை நலம் விசாரிக்க அந்தச் சிரிப்பு மாஸ்டரே ஒரு பை நிறைய ஆரஞ்சோடு வந்து சேர்ந்தான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரித்தான்.

"மாஸ்டர், அக்காவுக்கு வண்டி பிறவியிலேயே வருது மாஸ்டர். நான் சும்மா பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சேன், அவ்வளவுதான்."

"வகுப்பு நேரத்துல ஆரஞ்சு உரிச்சியா?"

"நீங்க சொல்லிக்குடுத்த எல்லாமே அப்படியே சொல்லிக்குடுத்தேன் மாஸ்டர். கத்தறதை மட்டும் விட்டுட்டேன்."

மச்சான், என் மாணவர்களைக் கேட்டுப்பாருங்கள். நான் கத்தமாட்டேன். நாலாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், என்னைப் பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள். என்னை ஒரு தடவை வாய்க்காலுக்குள்ளேயே இறக்கியிருக்கிறார் ஒருவர், அப்போதும் "பரவால்ல, வைப்பரைப் போடுங்க" என்றுதான் சொன்னேன். நான் கத்தியது வாழ்க்கையில் ஒருத்தியைப் பார்த்துத்தான். அது ஏன் என்று அவளிடம் சொல்லத் தெரியவில்லை, உங்களிடம் சொல்கிறேன். மற்றவர்கள் ஓட்டும்போது எனக்கு ரோடு தெரியும், எதிரே வருகிற வண்டி தெரியும், எங்கே மிதிக்க வேண்டும் என்று தெரியும். அவள் அந்த ஸீட்டில் உட்கார்ந்தால் எனக்கு அவள் மட்டும்தான் தெரிகிறாள். எதிரே வருகிறவை எல்லாம் அவளை நோக்கியே வருகிற மாதிரி இருக்கிறது. ரோட்டில் என்னென்ன நடக்கும் என்று இருபத்தாறு வருடம் பார்த்தவன் நான். அவள் தனியாக ஒரு காரில், பக்கத்தில் என் கால் இல்லாமல், ஊர் முழுக்கச் சுற்றப்போகிறாள் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. பயம்தான், வேறொன்றுமில்லை. கெண்டைக்கால் குணமாகாததற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். அவள் கையில் வண்டி வந்துவிட்டால் நான் படுத்த இடத்திலிருந்து நாள் முழுக்க மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், இந்தப் பிறவியில் கட்டுப் பிரிக்க முடியாது.

ஆகையால் தாங்கள் உடனே புறப்பட்டு வாருங்கள். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் காலைப் பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள். பேச்சோடு பேச்சாக, "நம்ம குடும்பத்துல பொம்பளைங்க யாரும் வண்டி ஓட்டினதில்லையே" என்று ஆரம்பியுங்கள். வேண்டாம், அக்கா டிராக்டர் ஓட்டியவர்கள் அல்லவா, அது எடுபடாது. "உடம்பு தாங்குமா" என்று கேளுங்கள். அதுவும் வேண்டாம், ஐஸ் பெட்டியைத் தூக்கிக் காட்டுவாள். எதையாவது நீங்களே யோசித்து வாருங்கள், ரயிலில் நேரம் இருக்கிறது. நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். இந்த வயதிலும் உங்களிடம் அவளுக்கு அந்த மரியாதை உண்டு, என்னிடம் இருப்பது பாசம் மட்டும்தான்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் படிப்பிலும் உயரத்திலும் நன்றாக வளர ஆசீர்வாதம். பெரியவனுக்குப் பதினெட்டு ஆகிறது, வண்டி கற்றுக்கொள்ள வேறு எங்கும் அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வரவை நோக்கி, கால் நீட்டிப் படுத்திருக்கும்
தங்கை கணவன்

பின்குறிப்பு: வியாழக்கிழமை மாலை, கவரைப் பிரித்து எழுதியது.

மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்காதீர்கள். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். இந்த வீட்டில் தபால்பெட்டி வரை நடக்கிற கால் உங்கள் தங்கைக்கு மட்டும்தான் இருக்கிறது என்பதைக் கவரை ஒட்டிய பிறகுதான் உணர்ந்தேன். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை அவளிடமே கொடுத்தேன். "என்ன எழுதியிருக்கீங்க அண்ணனுக்கு?" என்றாள். "கால் விஷயம்" என்றேன். கையில் எடை பார்த்தாள். "கால் விஷயம் இவ்வளவு கனமா?" என்று கேட்டுவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

இன்று காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி நின்றவள், அதை எடுத்து என் மடியில் வைத்தாள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. "போடலைங்க. அண்ணனை எதுக்கு அவ்வளவு தூரம் அலைய விடணும்? எதுவா இருந்தாலும் நீங்களே எங்கிட்ட நேரா சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்றாள். நான் கவரைத் தலையணைக்கு அடியில் செருகினேன்.

அப்போது போன். சிரிப்பு மாஸ்டர். வருகிற வழியில் அவன் வண்டியின் கிளட்ச் ஒயர் அறுந்துவிட்டதாம், இன்று வண்டி வராதாம். அவன் சிரிக்காமல் பேசியதை இன்றைக்குத்தான் கேட்டேன், மச்சான். நான் வேண்டிக்கொண்டது தானாக நடந்துவிட்டது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். உங்கள் தங்கை விசேஷத்துக்குக் கட்டுகிற வாட்சைக் கட்டியிருந்தாள், அதைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். "சரி, லேபுக்காவது போறேன். பத்தே கால் பஸ் கிடைக்கும்" என்று சொல்லி அந்தப் பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டினாள். பெல்ட் பதிகிற இடத்தில் தோளைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினாள். பதினாலு வருடமாக அப்படித்தான் மாட்டுகிறாள் போலிருக்கிறது, நான் இன்றுதான் பார்த்தேன்.

"கீழ நம்ம வண்டி நிக்குதுல்ல" என்றேன்.

"பக்கத்துல லைசன்ஸ் உள்ளவங்க உக்காந்தாத்தான் நான் ஓட்டலாம். நீங்க நடக்கவே கூடாதே?"

"உக்கார்றதுக்குக் கால் எதுக்கு? வாட்சைக் கட்டு."

மேல்வீட்டுக்காரர் ஒரு பக்கம் தாங்க, அவள் ஒரு பக்கம் தாங்க, என்னைக் கொண்டுபோய் முன்ஸீட்டில் வைத்தார்கள். போகும்போது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டெஸ்டில் மேட்டில் நிறுத்தி எடுத்தாள், ரிவர்ஸ் எடுத்தாள், கண்ணாடியைப் பார்த்து எடுத்தாள். இன்ஸ்பெக்டர் இருபது வருடப் பழக்கம், பாஸ் என்று எழுதிவிட்டு என்னிடம் வந்து, "உங்க ஸ்டூடண்டா? ரொம்ப நிதானம்" என்றார். "ஆமாம்" என்று வாய்வரை வந்துவிட்டது, விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன். "இல்ல சார். என் வீட்டம்மா. சிரிப்பு மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டாங்க" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது கடைவீதி முக்கில் ஒருத்தர் சைக்கிளோடு சடாரென்று குறுக்கே வந்துவிட்டார். என் கால் பாய்ந்தது. கட்டு, தலையணை, டாக்டர் ஒன்றும் ஞாபகம் இல்லை. எங்கள் வண்டியில் இரண்டு பிரேக்கும் ஒரே கம்பியில் கட்டியது, ஓட்டுகிறவர் மிதித்தால் என் பக்கத்துப் பெடலும் கூடவே இறங்கும். என் கால் போய்ச் சேர்ந்தபோது பெடல் ஏற்கெனவே கீழே இருந்தது. வண்டி நின்றுவிட்டிருந்தது. நான் மிதிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் தங்கை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சைக்கிள்காரர் தாண்டிப் போகிறவரை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கால் வலி என்று சொல்லிவைத்தேன்.

ஆகையால் தாங்கள் தடுக்க வர வேண்டாம், சும்மா வாருங்கள். ஸ்டேஷனுக்கு உங்கள் தங்கை வண்டியோடு வருவாள். முன்ஸீட்டில் ஏறி உட்காருங்கள், அவளிடம் அதைப் பார், இதைப் பார் என்று எதுவும் சொல்லாதீர்கள். அவள் பார்த்துக்கொள்வாள்.